மானிட்டருக்கு வரன் பார்த்த கதை

வடபுளியூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு திருமணத் தகவல் மையம் இருக்கிறது. வாசலில் பெரிய பலகை. "ஜாதி தடையில்லை. தரகர் இல்லை" என்று சிவப்பில் எழுதியிருக்கும். அங்கே வேலை பார்க்கிறவர்கள் அதை எழுத்துக்கு எழுத்து நம்பினார்கள். தங்கள் கடைப் பலகையைத் தாங்களே நம்புகிறவர்களை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

முதலாளி சிதம்பரதாணு. ஜாதகம் பார்க்கச் சங்கரவடிவு அக்கா. மீதி எல்லா வேலைக்கும் மகிழ்வண்ணன். ஊரில் பாதிப் பேருக்கு வரன் தேடிக் கொடுத்த அவனுக்கு வயது நாற்பது தாண்டியும் ஒன்றும் அமையவில்லை. தலையிலும் முடி நிற்கவில்லை. மீசை மட்டும் அடர்த்தியாக இருந்தது.

ஒருவழியாக இலஞ்சியிலிருந்து ஒரு வரன் கூடி வந்தது. பெண் பெயர் குழல்வாய்மொழி. முன்கூட்டியே போட்டோ கொடுக்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டர் வீடியோவில் வருவாள், பார்த்துவிட்டு விளக்கு வைப்பதற்குள் இரண்டு பக்கமும் பதில் சொல்லிவிட வேண்டும் என்று பேச்சு. தவறினால் மறுநாள் காலை வேறு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

மையத்துக் கம்ப்யூட்டர் வியாழக்கிழமை மண்டையைப் போட்டது. சிதம்பரதாணு தென்காசிக்குப் போய்ப் புதுப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் கடைக்காரரே பொருத்தி, "கூப்பிட்டா அதுவே எடுத்துக்கிடும், நீங்க எதையும் தொட வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மானிட்டர் மட்டும் பழசு.

வெள்ளிக்கிழமை மதியம் மானிட்டரைப் போட்டார்கள். "நோ சிக்னல்" என்று எழுத்து வந்தது.

"சிக்னல் மாடியிலதான கிடைக்கும்" என்றார் சிதம்பரதாணு. அவர் செல்போன் பேசுவதே மொட்டை மாடியில்தான். மகிழ்வண்ணன் வயரைப் பிடுங்கி, மானிட்டரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான். மேலே போய்ப் பார்த்தால் எழுத்தைக் காணோம்.

"சிக்னல் வந்துட்டு" என்றான் மகிழ்வண்ணன். சிந்திவிடக் கூடாதே என்று மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடி, படிப்படியாக இறக்கிக் கொண்டுவந்து மறுபடி கரண்டில் சொருகினார்கள். மறுபடியும் "நோ சிக்னல்".

"திருப்பத்துல இடிச்சியேடே, அங்க கொட்டியிருக்கும்" என்றாள் சங்கரவடிவு.

சிதம்பரதாணு மாடியேறிக் கடைக்காரருக்குப் போன் போட்டார். கடைக்காரர், "பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க அண்ணாச்சி" என்றார்.

சிதம்பரதாணு திரும்பிப் பார்த்தார். "தண்ணித் தொட்டி இருக்கு."

"பெட்டிக்குப் பின்னாடி அண்ணாச்சி."

அவர் கீழே வந்து மேசைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து உட்கார்ந்துகொண்டார். போன் கரகரவென்றது; அவர் சத்தம் போட்டுச் சொன்னார். "பெட்டிக்குப் பின்னாடி நான்தான் இருக்கேன்."

கடைக்காரர் நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார். "மானிட்டர் வயர் நுனியில இருக்கது ஆண் பின். பெட்டியில இருக்கது பெண். ஆனா வயர் பழைய வி.ஜி.ஏ., பெட்டி புது ஹெச்.டி.எம்.ஐ. ரெண்டும் வேற வேற வகை. சேராது."

சிதம்பரதாணு போனை வைத்தார். "ஒண்ணு ஆணாம், ஒண்ணு பெண்ணாம். வகை வேறயாம், சேராதாம். நம்ம பலகையில என்ன போட்டிருக்கு?"

"ஜாதி தடையில்லைன்னு" என்றான் மகிழ்வண்ணன்.

"பின்ன என்ன? சேத்து வையும்."

மகிழ்வண்ணன் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். சிதம்பரதாணு வயரைப் பிடித்து அமுக்கினார். சங்கரவடிவு குலவையிட்டாள். பதினைந்து பல்லும் பரந்த முகமுமாக இருந்த மாப்பிள்ளை, ஒரு கீற்றுப் போலிருந்த பெண்ணுக்குள் எப்படிப் போவான்? ஒரு பல் வளைந்ததுதான் மிச்சம்.

வளைந்த பல்லை ஊக்கால் நிமிர்த்தும்போதுதான் சங்கரவடிவு கண்டுபிடித்தாள். "அண்ணாச்சி, பதினாலுதான் இருக்கு. நடு வரிசையில ஒண்ணைக் காணோம்."

மேசைக்கு அடியில் தேடினார்கள். மாடிப்படியில் தேடினார்கள். மறுபடி போன் போட்டதற்கு, "அது பிறவியிலேயே கிடையாது, அது இல்லாமலே படம் தெரியும்" என்று கடைக்காரர் சொன்னார்.

"பல்லுக் குறையை மறைச்சுல்லா அன்னைக்கு இந்த மானிட்டரை நம்மகிட்ட வித்திருக்கான்" என்று சிதம்பரதாணு வருத்தப்பட்டார். "வயசும் ஆயிப்போச்சு. இந்தக் காலத்துல இதை யாரு கட்டுவா? தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு பாக்க வேண்டியதுதான்."

மகிழ்வண்ணனுக்குச் சுருக்கென்றது. முதலாளி மானிட்டரைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தும் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இன்றைக்கு மானிட்டர் என்றால் நாளைக்கு யார்?

"பழசுன்னா பிரயோசனம் இல்லையா அண்ணாச்சி?" என்றான். "இத்தனை வருசம் எத்தனை ஜாதகத்தைக் காட்டியிருக்கு. இந்தா பாருங்க, ரெண்டு பக்கமும் திருகாணி. ஒருக்கச் சேந்துட்டா லேசுல பிரியாது. புதுசு அப்படியா? கால் பட்டாலே கழண்டுக்கிடுமாம்."

"படம் கொஞ்சம் மங்கலாத் தெரியுமே" என்றாள் சங்கரவடிவு.

"கண்ணு கூசாதுல்லா."

"இந்த வயர்ல சத்தம் வராதாம். ஊமையாம்."

"வாய் பேசாத மாப்பிள்ளை கிடைக்கது குதிரைக்கொம்பு அக்கா."

சிதம்பரதாணு யோசித்தார். யோசிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார், சில சமயம் தூங்கியும் விடுவார். இந்த முறை தூங்கவில்லை. "நீரு சொல்லுததும் சரிதான்" என்று மூன்றாம் முறையாகப் போன் போட்டார்.

"பெட்டியோட அடாப்டர் ஒண்ணு போட்டு விட்டிருக்கேன் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். குரல் கொஞ்சம் களைத்திருந்தது. "அதை நடுவுல விட்டா ரெண்டையும் சேத்து வச்சிரும். அங்க சொல்லுததை இங்க புரியுத மாதிரி மாத்திச் சொல்லும்."

சிதம்பரதாணு அட்டைப் பெட்டிக்குள் கைவிட்டு அதை எடுத்தார். கட்டைவிரல் அளவில் கறுப்பாக, வால் முளைத்து இருந்தது. அவர் முகம் கறுத்தது.

"நடுவுல நிக்குமாம். மாத்திச் சொல்லுமாம். சேத்து வைக்குமாம். இதுக்குப் பேரு என்ன?"

"தரகர்" என்றாள் சங்கரவடிவு.

"பலகையில என்ன போட்டிருக்கு?"

பலகையை எழுதியதே மகிழ்வண்ணன்தான். அடாப்டரை வாசலுக்குக் கொண்டுபோய், பலகைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தான். சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டிவிட்டிருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, இருண்டு கிடந்த மானிட்டரைப் பார்த்துக் கண் கலங்கினான். வாழ்க்கையில் ஒரே ஒரு பெண் அவனைப் பார்க்கச் சம்மதித்தாள், அதுவும் கைவிட்டுப் போகிறது.

அப்போது ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அந்த அடாப்டரை எடுத்துட்டு வாங்க."

மூவரும் எழுந்து நின்றார்கள். "யாரும்மா?" என்றார் சிதம்பரதாணு.

"இலஞ்சியில இருந்து குழல்வாய்மொழி பேசுதேன். அப்பவே வந்துட்டேன். உங்க மூணு பேரையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க அம்மைக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கு."

"எங்களுக்கு உங்களைத் தெரியலியே தாயி. நடுவுல தரகரை வைக்கது எங்க மையத்துல வழக்கமில்ல."

"தரகர்னு ஏன் நினைக்கீங்க? தாய்மாமான்னு நினைச்சுக்கிடுங்க. தாய்மாமன் இல்லாம எந்தக் கல்யாணம் நடக்கு?" என்றாள் குழல்வாய்மொழி.

சிதம்பரதாணு விழுந்தடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வெயிலில் கிடந்த அடாப்டரை இரண்டு கையாலும் ஏந்தி, "தெரியாமச் செஞ்சுட்டோம், மனசுல வச்சுக்கிடாதீங்க" என்று சொல்லி உள்ளே அழைத்து வந்தார். சங்கரவடிவு அதற்குச் சந்தனம் வைக்கப் போனாள். "சந்தனம் வேண்டாம், அப்படியே மாட்டுங்க" என்றது ஸ்பீக்கர்.

மாட்டினார்கள். மகிழ்வண்ணன் திருகாணி இரண்டையும் முறுக்கினான். மானிட்டர் ஒருமுறை சிமிட்டிவிட்டு வெளிச்சமானது. இந்த வீடியோக்களில் சில சமயம் நம் முகம் பெரிதாகவும் எதிராளி முகம் மூலையில் தபால்தலை அளவிலும் தெரிவதுண்டு. அன்றைக்கும் அப்படித்தான் தெரிந்தது.

மகிழ்வண்ணன் திரையை உற்றுப் பார்த்தான். நடுவே பெரிதாக ஒரு முகம், கலங்கிய கண்ணோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பொண்ணு எப்படிவே இருக்கு?" என்று மெல்லக் கேட்டார் சிதம்பரதாணு.

"மீசை இருக்கு அண்ணாச்சி."

மூவரும் பார்த்தார்கள். இருந்தது.

"முன்னால கொஞ்சம் வழுக்கையும் இருக்கு" என்றாள் சங்கரவடிவு. "ஆனா முகம் பழகின முகம். அப்படியே உன் ஜாடை. ஒரே ஜாடையா அமைஞ்சா ஆயுசுக்கும் ஒத்துமையா இருப்பீங்க."

வாசலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இந்த வயதில் நொட்டை சொல்ல நான் யார் என்று நினைத்தான் மகிழ்வண்ணன். உண்மையில் அந்த முகம் அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

"எனக்குச் சம்மதம்" என்றான். "கல்யாணத்துக்கு முந்தி அந்த மீசையை மட்டும் எடுத்துட்டா நல்லா இருக்கும்."

"நானும் அதைத்தான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் குழல்வாய்மொழி. "மீசையை எடுத்துட்டா எனக்கும் சம்மதம்."

சிதம்பரதாணு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தங்கமான பொண்ணுவே" என்றார். "வாய் மூடுததுக்குள்ள மீசையை எடுக்கச் சம்மதிச்சுட்டா பாரும்."