திட்ட விலக்கம் நாற்பத்தொன்று

"வேலையை விடட்டுமா, டீச்சர்? ஒரே வார்த்தை சொல்லுங்க."

தனஞ்செயனுக்கு வயது நாற்பத்தெட்டு. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருபது வருட வேலை. விருப்ப ஓய்வு கேட்க அன்று மாலை ஐந்து மணிவரைதான் நேரம். அனுப்பிவிட்டால் திரும்பப் பெற முடியாது. விண்ணப்பம் போனில் தயாராக இருந்தது. விரல் பட்டால் போய்விடும்.

மணி நாலே முக்கால்.

டீச்சர் ரெஜினாவுக்கு முப்பத்திரண்டு. அல்சூரில் ஒரு மாடி அறையில் போக்கர் சொல்லித்தருகிறவர். தனஞ்செயனுக்கு இனி அதுவே முழுநேரத் தொழிலாக வேண்டும். சீட்டாட்டத்துக்கு டீச்சரா என்று சிரிக்காதீர்கள். புள்ளியியல் படித்தவர், சீட்டைவிட நோட்டைத்தான் அதிகம் பார்ப்பார். ஆடும் ஒவ்வொரு நாளும் எத்தனை காயின் ஜெயித்தோம், எத்தனை தோற்றோம் என்று எழுத வேண்டும். சேரும்போது அவர் போடும் ஒரே நிபந்தனை அது.

"நோட்டு."

தனஞ்செயன் கொடுத்தார்.

"முப்பத்தேழு நாள். சராசரி நாளுக்கு முப்பது காயின் லாபம். பரவாயில்லயே."

தனஞ்செயனின் விரல் போனை நோக்கிப் போயிற்று.

"இருங்க. திட்ட விலக்கம் போட்டீங்களா?"

"அது எதுக்கு?"

"சராசரியிலேருந்து உங்க ஆட்டம் எவ்வளவு எகிறுது, எவ்வளவு சரியுதுன்னு அதுதான் சொல்லும்."

டீச்சர் கால்குலேட்டரைத் தட்டினார். முகம் மாறியது. மறுபடி தட்டினார். அதே எண்.

"நாப்பத்தொண்ணு."

"கம்மியா இருந்தா நல்லதுதானே? நிதானமா ஆடறேன்னு அர்த்தம்."

"இங்க ஆடற யாருக்கும் நூறுக்குக் குறைஞ்சதில்ல. எனக்கே நூத்திப்பத்து. நீங்க ரிஷியா இருந்தாலும் சீட்டு உங்களைத் தூக்கிப் போடும், சார்."



டீச்சர் பேனாவை நீட்டினார்.

"எழுதாம விட்ட நாளையெல்லாம் எழுதுங்க."

மணி நாலு ஐம்பத்தைந்து.

அவமானமாக இருந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். பிறகு எழுதினார்.

மைனஸ் நானூறு. மைனஸ் முன்னூற்றுத் தொண்ணூறு. மைனஸ் நானூற்றுப் பத்து.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இவர் மூன்றை மறைத்திருந்தார்.

டீச்சர் மறுபடி கணக்குப் போட்டார். நாற்பது நாள். விலக்கம் நூற்றிருபது. சராசரி பூஜ்யத்துக்குக் கீழே.

"அநியாயம், டீச்சர்!" தனஞ்செயன் பேனாவைக் கீழே போட்டார். "கையில ரெண்டு ஏஸ், இருக்கறதிலேயே பெரிய ஜோடி, வச்சிருந்தும் தோத்தேன். தோத்ததும் வெறி பிடிச்சுது. அப்புறம் கண்ணு மண்ணு தெரியாம ஆடிட்டேன். மூணு நாளும் அப்படித்தான். அது நானே இல்ல. அதனாலதான் எழுதல."

"சரி," என்றார் டீச்சர். "நாளைக்கு வேலையை விட்டுட்டு மேசைக்கு வரப்போறது உங்க ரெண்டு பேர்ல யாரு?"