படியிறங்கி வந்த ஆபத்து

இரண்டு கிலோமீட்டர் ஆழக் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பல் அது. கைப்பிடியைப் பிடிக்காமல் யாரும் படியிறங்கக் கூடாது என்று படிக்கட்டுதோறும் ஒட்டிவைத்தவர் பாதுகாப்பு மேலாளர் கோதண்டபாணி. ஒருநாள் அவர் புதிய உத்தரவு போட்டார்.

"நாளைக்கு கம்பெனி இயக்குநர் வர்றார். ஒவ்வொருத்தரும் தன் வேலையிடத்துல பார்த்த ஆபத்து ஒண்ணைச் சீட்டுல எழுதித் தரணும். ஆனா எவன் இடத்துலயும் ஆபத்து இருக்கக் கூடாது. இருந்தா அவன் ஹெலிகாப்டர் ஏறி வீட்டுக்குப் போகலாம். சீட்டு தராதவனும் போகலாம்."

கப்பலே குழம்பியது. 'வெங்காயம் கண்ணைக் கரிக்கிறது' என்று எழுதிய சமையல்காரர், சமையலறை தன் இடம் என்பது நினைவுக்கு வந்ததும் சீட்டைக் கிழித்தார்.

"நீ என்ன எழுதினே, சூசை?" என்று படிக்கட்டு துடைப்பவனைக் கேட்டார் சமையல்காரர்.

"ஆபத்து இன்னும் வரலண்ணே. வந்ததும் எழுதுறேன்."

மறுநாள் படிக்கட்டின் கீழே நின்று இயக்குநர் சீட்டுகளை வாங்கினார். "உன் சீட்டு எங்கேடா?" என்று சூசையைப் பார்த்துக் கத்தியபடி மேலிருந்து இறங்கினார் கோதண்டபாணி. ஒரு கையில் காபி, மறு கையில் போன். சூசை அங்கேயே எழுதி நீட்டினான்.

இயக்குநர் உரக்கப் படித்தார்: "கைப்பிடியைப் பிடிக்காமல் ஒருவர் இறங்குகிறார்."

"அப்ப உன் இடத்துல ஆபத்து இருக்கு! ஏறுடா ஹெலிகாப்டர்ல!" என்று படியிலிருந்தே கத்தினார் கோதண்டபாணி.

"என் படிக்கட்டுல ஒண்ணும் இல்லைங்கய்யா. ஆபத்து இப்பத்தான் மேலேயிருந்து இறங்கி வருது."

மாலை ஹெலிகாப்டரில் ஏறும்போது கோதண்டபாணி இரு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.