பாம்பில்லாத ஊரில் பாம்புக்கடி

கோடனூர்ச் சீமையை ஆண்ட இராசகேதுவுக்கு நல்ல மனசு. கோபம்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும். அபினை அளவு மீறித் தின்று ஜனங்கள் சாகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கொதித்துப்போனார். "இனி எந்த ஊரில் அபினால் சாவு விழுந்தாலும், அந்த ஊர் மணியக்காரருக்குச் சவுக்கடி" என்று தண்டோரா போடச் சொன்னார். யோசனை தளவாய் கங்காதரனுடையது.

மறு வருஷம் சீமையில் அபின் சாவே இல்லை என்று சேதி வந்தது. தளவாய் மீசையை முறுக்கினார். ஆனால் பாம்புக்கடிச் சாவு மட்டும் எக்கச்சக்கமாகப் பெருகியிருந்தது.

சபையில் விகடம் பேசும் மருதையனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சிநேகிதன், தவில்காரன் பொன்னுரங்கம், அந்த வருஷம்தான் செத்தான். அவனுடைய அபின் பழக்கம் ஊரறிந்தது. ஆனால் சபையில் பாம்புக்கடி என்றார்கள். உடம்பைக் குளிப்பாட்டியவன் மருதையன். பல் பட்ட தடம் எங்குமே இல்லை.

"மருதையா, சீமையில் உள்ள பாம்புகளை ஒழிப்பது உன் பொறுப்பு" என்றார் ராஜா.

"முடியாவிட்டால் சவுக்கடி உனக்கு" என்றார் தளவாய்.

"உத்தரவு" என்றான் மருதையன். "பாம்பு கடித்த ஊர்களுக்கெல்லாம் பிடாரர்களை அனுப்புகிறேன். பாம்பு அகப்படும்வரை அவர்கள் மணியக்காரர் வீட்டிலேயே தங்கட்டும்."

பாம்பு பிடிக்கும் பிடாரர்கள் கீரியும் கூடையுமாக, பெண்டு பிள்ளைகளோடு போய் இறங்கினார்கள். விடிந்தால் மகுடி, படுத்தால் மகுடி. கீரிகள் கோழிகளைத் தீர்த்துக்கட்டின. ஒரு வீட்டில் கூடையிலிருந்து நழுவிய நல்லபாம்பு அரிசிப் பானைக்குள் சுருண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாள் அன்றைக்கே பிறந்தகம் போய்விட்டாள்.

மணியக்காரர்கள் கூட்டமாக வந்து ராஜாவின் காலில் விழுந்தார்கள். "மகாராஜா, எங்கள் ஊர்களில் பாம்பே கிடையாது. பிடாரர்களைத் திருப்பி அழைத்துக்கொள்ளுங்கள்."

"அப்படியானால் ஜனங்கள் எதனால் செத்தார்கள்?"

மணியக்காரர்கள் தளவாய் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

"சொன்னால் முதுகுத்தோல் உரியும், மகாராஜா" என்றான் மருதையன். "பொன்னுரங்கத்துக்கு என்ன ஆனது என்று தெரிந்திருந்தால், அடுத்தவனையாவது காப்பாற்றியிருக்கலாம்."

ராஜா மணியக்காரர்களை எழுந்து நிற்கச் சொன்னார். பிறகு, "உள்ளதைச் சொல்பவருக்குத் தண்டனை இல்லை. இது என் வாக்கு" என்றார்.

அதன்பின் உண்மை வந்தது. யார், எங்கே, எதனால் என்று ஊர் ஊராக வந்தது. பாதிச் சாவுக்குமேல் ஒரே சந்தையைச் சுற்றித்தான். அங்கே ஒரு வியாபாரி அபினில் ஊமத்தை விதையை அரைத்துக் கலந்து விற்றிருந்தான். அவனைப் பிடித்தார்கள். சந்தையிலேயே ஒரு வைத்தியரையும் வைத்தார்கள். மயங்கி விழுந்தவர்களில் பலர் எழுந்து வீட்டுக்கு நடந்தார்கள்.

தளவாய்க்குத்தான் பொறுக்கவில்லை. "என் யோசனை நடந்த வருஷம் அபின் சாவு ஒன்றுமில்லை. இந்த வருஷம் அறுபது. இதற்குப் பெயர் முன்னேற்றமா, மகாராஜா?"

ராஜா மருதையனைத் திரும்பிப் பார்த்தார்.

"தளவாய் சொல்வது வாஸ்தவம்" என்றான் அவன். "அவருடைய சவுக்குக்கு அவ்வளவு பயம். அந்த வருஷம் அபின் தின்றவன்கூட, பாம்பைத் தேடிப் போய்க் கடிவாங்கிச் செத்தான்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மருதையனுக்குப் போர்த்தினார். பிடாரர்களை அன்றிரவு தளவாய் வீட்டில் தங்கச் சொன்னார்.