பொந்துக்குள் கேட்ட குரல்

"அடுப்படியில ராத்திரி ஒரு கவளம் சோறு…"

சாகும்போது பெரிய ராஜா சொன்னதில் இவ்வளவுதான் மகன் இளவழுதிக்கு நினைவிருந்தது. கிழவர் மீதியையும் சொல்லத்தான் சொன்னார். அழுதுகொண்டிருந்தவன் மனசில் அது நிற்கவில்லை.

கேளுங்கள், சுவரில் ஊர்கிற பூச்சிக்கும் வாயிருந்த காலத்துக் கதை இது.

புது ராஜாவான இளவழுதி தினமும் இருட்டியதும் அடுப்படி மூலையில் ஒரு கவளம் சோறு வைத்தார். விடிந்தால் சோறு இருக்காது. 'அப்பா வந்து சாப்பிட்டுப் போகிறார்' என்று மனசை ஆற்றிக்கொண்டார்.

முதலில் வந்தவை சின்னக் கரப்பான்கள், கழுத்தில் இரண்டு கறுப்புக் கோடு. பிறகு சாக்கடை வழியே செம்பழுப்பில் பெரியவை வந்தன; விரட்டினால் பறந்தன. மூன்றாவதாக ஒன்று வந்தது. அது சுவர்ப் பொந்தைவிட்டு வெளியே வரவேயில்லை. இரண்டு நீண்ட மீசை மட்டும் இருட்டில் அசைந்தது.

"மகனே, பசிக்குது."

பெரிய ராஜாவின் குரலேதான். அந்த இருமல்கூட அப்படியே.

"மகனே, வெளிச்சம் கண்ணைக் கூசுது." ராஜா அரண்மனைச் சன்னல்களையெல்லாம் சாத்தச் சொன்னார்.

"மகனே, தொண்டை வறளுது." அடுப்படித் தரையில் தண்ணீரைத் தேங்கவிட்டார்.

"மகனே, துணைக்கு ஆளில்லை. பேத்தியை அனுப்பு."

ராஜாவின் ஒரே மகள் பூங்கோதை அதற்குள் மாறத் தொடங்கியிருந்தாள். வெயில் கீற்றைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஓடினாள். முதுகு எண்ணெய் பூசியதுபோல் மினுமினுத்தது. ராஜா அவள் தலையை வருடினார். கூந்தலுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று தானாக நீண்டு, அவர் விரலைத் தொட்டுப் பார்த்தது.

கையை இழுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். உச்சிப் பொழுதிலும் அங்கே கும்மிருட்டு. உத்தரத்தில் ஒரு பல்லி சிரித்தது.

"என்ன ராஜாவே, மகளையும் கவளமா உருட்டி வைக்கப் போறீரா?"

"வாயை மூடு. அது என் அப்பா!"

"செத்தவங்களுக்கு எங்கே படைப்பீங்க?"

"கூரைமேலே, காக்கைக்கு. நல்ல வெயில்லே."

"அப்போ இருட்டுல, பொந்துக்குள்ளே, யாருக்கையா படைச்சீர்?"

ராஜா பொந்தைத் திரும்பிப் பார்த்தார்.

"சந்தேகம்னா பந்தத்தைக் கொளுத்திப் பாரும். உங்கப்பா வெளிச்சத்தைக் கண்டு ஓடுற ஆளா?"

ராஜா பந்தம் கொளுத்திப் பொந்தருகே பிடித்தார். சரசரவென்று சுவரே நகர்ந்ததுபோல் பூச்சிகள் ஓடின. பொந்துக்குள்ளே கையகலத்தில் ஒன்று முதுகைக் காட்டித் திரும்பியது. அதன் பின்னால் முட்டைப் பை தொங்கியது. உள்ளே, இன்னும் உள்ளே போனது. ஆழத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

"மூடிடாதேடா மகனே. இனிமே என் குரலை எங்கே கேட்பே?"

ராஜா அழுதார். அழுதுகொண்டே, பூச்சியைக் கொல்லும் வெங்காரப் பொடியைப் பொந்துக்குள் கொட்டினார். சுண்ணாம்புச் சாந்தைக் குழைத்துத் தன் கையாலேயே அடைத்தார். கடைசி விரல்தடம் பதியும்வரை "மகனே, மகனே" என்றது. அப்புறம் இல்லை.

சன்னல் ஒன்று திறக்கிற சத்தம். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பூங்கோதை நின்றாள்.

"ஏன்ப்பா எல்லாத்தையும் சாத்தி வச்சிருக்கீங்க? எனக்குப் பசிக்குது."

இருவரும் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காக்கைக்கும் வைத்தார்கள்.

பொழுது சாய்ந்ததும் அந்தப் பாதிப் பேச்சு ராஜாவின் நினைவுக்கு வந்தது. மீதி, 'வை' என்றாரோ, 'வைக்காதே' என்றாரோ, வரவில்லை. அவர் பானையைக் கழுவி, துடைத்து, கவிழ்த்தார். அடுப்படியில் சோறு வைக்கவில்லை.