அடியில்லாத மூன்று பைகள்

எலி கடை வைத்து, குருவி சாமான் வாங்கப் போன அந்தக் காலத்தில், தானியக் கடை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது பெருச்சாளி அண்ணாச்சியின் வளை. மழை பொய்த்த வருஷம் வேறு. கேட்கவா வேண்டும்?

நல்லாயி என்கிற தையல்சிட்டுக்கு மூன்று குஞ்சுகள். இரண்டு நாளாகக் கொலைப்பட்டினி.

"ஒரு இலைப்பை தைச்சுக் கொடு, ஒரு படி கம்பு வாங்கிக்கோ" என்றார் அண்ணாச்சி. நல்லாயி அலகு நோகத் தைத்துக் கொண்டுபோனாள்.

"பை கம்புக்கு ஆச்சு தங்கச்சி. மூடி திறக்கக் கூலி? படி அளக்கக் கூலி? என் வாசல் நிழல்ல நின்னியே, அதுக்குக் கூலி? இன்னும் மூணு பை வை, அப்புறம்தான் கம்பு."

"நேத்து இதைச் சொல்லலையே அண்ணாச்சி!"

"எல்லார்கிட்டயும் வாங்குறதுதான்."

பின்னால் நின்ற அணிலும் மைனாவும் தலை குனிந்துகொண்டன. அவையும் இப்படிக் கூலி அழுதவைதான்.

கூட்டுக்குத் திரும்பினால் மூன்று வாயும் ஆவென்று திறந்து நிற்கின்றன. பெற்ற வயிறு எரியாதா? அழுதுகொண்டே ஊசியும் நாருமாக உட்கார்ந்தாள். பாதித் தையலில் அழுகை நின்றுபோனது.

மறுநாள் மூன்று பைகளை மடித்து அவர் முன்னால் வைத்தாள். அந்த நேரம் பார்த்து வானம் இடித்தது. வளைக்குள் தண்ணீர் புகுந்தால் அத்தனை கம்பும் போச்சு! அண்ணாச்சி பதறிப்போய்ப் பைகளில் கம்பைக் கொட்டினார். தூக்கினார். அவ்வளவும் பொலபொலவென்று தரையில்!

"அடிப்பாவி, பையில அடி எங்கே?"

"அடி தனி அண்ணாச்சி. நாம பைக்குத்தானே பேசினோம்? அடி தைக்கக் கூலி, நார் கோக்கக் கூலி, குனிஞ்சு தைக்கணும்லா, அதுக்கும் கூலி" என்றாள் நல்லாயி. "எல்லார்கிட்டயும் வாங்குறதுதான்."

மைனாவோடு அன்றைக்கும் பின்னால் நின்ற அணில் உருண்டு உருண்டு சிரித்தது. முதல் தூறல் அண்ணாச்சியின் மூக்கில் விழுந்தது.

"தாயே! என்ன வேணும்னாலும் கேளு, தைச்சுடு!"

"சொன்ன விலைக்கு மேல இனிமே யார்கிட்டயும் கேக்கப்படாது. இதுவரைக்கும் புடுங்கினதுக்கு ஈடா, படி அளந்த பொறவு உங்க கையாலயே மேல ஒரு கை அள்ளிப் போடணும். இப்பவே போடுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

போட்டார். வானத்தைப் பார்த்துக்கொண்டே அணிலுக்கு ஒரு கை, மைனாவுக்கு ஒரு கை, நல்லாயிக்கு ஒரு படியும் ஒரு கையும். அப்புறம்தான் அவள் ஊசியை எடுத்தாள். மழை வலுப்பதற்குள் மூன்று பைக்கும் அடி வந்துவிட்டது. குஞ்சுகள் வயிறு புடைக்கத் தின்றுவிட்டு, மழைச் சத்தத்தோடு போட்டிபோட்டுக் கத்தின.

அன்றைக்குத் தொடங்கியதுதான், அளந்து முடித்த பிறகும் கடைக்காரர் தன் கையால் மேலே கொஞ்சம் கொசுறு போடுவது. போட மறந்தால் நாமும் விடுவதில்லை, பையை விரித்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறோம்.