அப்பிராணிப்பட்டியில் தடை உத்தரவு

அப்பிராணிப்பட்டி என்று ஒரு ஊர். தேடிக்கொண்டு போய்விடாதீர்கள். போனவர்களுக்கு அந்த ஊர்க்காரர்களே தப்பாக வழி சொல்லியிருக்கிறார்கள், அதுவும் பாதி தூரம் கூடவே நடந்து வந்து.

நல்ல மனிதர்கள். களவு தெரியாது, பொய் வராது. சொன்ன சொல்லை அப்படியே கேட்பார்கள். அவர்களிடம் உள்ள ஒரே தொல்லையும் அதுதான். "அடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனால், சோறு கருகிப் புகைகிற வரைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

பக்கத்து ஊர்கள் இரண்டுக்கும் ஒரு சண்டை. பஸ் நிழற்குடைக்கு எந்த ஊர் பெயரை வைப்பது என்பதில் ஆரம்பித்து, நிழற்குடையே இல்லாமல் போகிற அளவுக்கு முற்றிவிட்டது. சுற்று வட்டாரம் முழுவதற்கும் தடை உத்தரவு போட்டார்கள். ஏட்டு ஏகாம்பரம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு அப்பிராணிப்பட்டிக்குள்ளும் வந்தார்.

"ஐந்து பேரோ அதற்கு மேலோ ஓரிடத்தில் கூடக் கூடாது. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுக்கக் கூடாது. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தக் கூடாது. மீறுபவர்கள் கைது செய்யப்பட்டு, எல்லோரும் ஒன்றாகக் காவல் நிலையத்தில் அடைக்கப்படுவார்கள்."

ஆட்டோ போய்விட்டது. ஊர் அப்படியே நின்றது. பிறகு அவரவர் தலையை எண்ண ஆரம்பித்தார்கள்.

மூக்கன் வீட்டில் அவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் மனைவி சடச்சி மாசமாக இருந்தாள். உள்ளே இருப்பது ஆளா, இல்லையா என்று புருஷனும் பெண்டாட்டியும் வெகு நேரம் யோசித்தார்கள். கடைசியில், எதற்கு வம்பு என்று மூக்கன் பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

டவுன் பஸ் வந்தது. டிரைவர் ஒருவர், கண்டக்டர் ஒருவர். இரண்டு பேர் ஏறினார்கள். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். "ஏறுங்கய்யா, வண்டி காலியாத்தானே இருக்கு" என்றார் கண்டக்டர். "உங்களையும் சேர்த்தே எண்ணிட்டோம்" என்று மரியாதையாகப் பதில் வந்தது.

படுக்கையில் கிடந்த கருத்தமுத்துக் கிழவர் இன்றோ நாளையோ என்று இருந்தார். தூக்கிப் போக நாலு பேர் வேண்டும், தன்னோடு ஐந்து ஆகிவிடுமே என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து ஒரு சொம்பு கஞ்சி குடித்தார். உத்தரவு நீங்குகிற வரைக்கும் சாவதில்லை என்று வீட்டாரிடம் சொல்லியும் விட்டார்.

இதெல்லாம் ஊருக்குச் சின்ன விஷயம். பெரிய விஷயம் பூமயிலின் கல்யாணம்.

பூமயில் இருளாண்டியின் ஒரே மகள். வருகிற வெள்ளிக்கிழமை முகூர்த்தம். மாப்பிள்ளை அழகுராசா மேலக்குளத்துப் பையன், துபாயில் கிரேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறவேண்டும். இந்த முகூர்த்தத்தை விட்டால் அடுத்த லீவுக்கு எத்தனை வருஷம் ஆகுமோ, அவனுக்கே தெரியாது. பூமயில் அழவில்லை. அப்பாவிடம் ஒரே பேச்சாகச் சொன்னாள்.

"ஜெயில்ல நடந்தாலும் சரிப்பா, வெள்ளிக்கிழமை என் கழுத்துல தாலி ஏறணும்."

வேறு ஊரில் இதைப் பெண்ணின் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வார்கள். இருளாண்டி யோசனை என்று எடுத்துக்கொண்டார்.

ரேஷன் கடை வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கூட்டம் என்றால் நாலே பேர். ஊர்த்தலைவர் சங்கையா, இருளாண்டி, சாட்சி வீரணன் மூவரும் நிரந்தரம். வீரணன் ஒருமுறை ஆட்டுத் திருட்டு வழக்கில் சாட்சி சொல்லக் கோர்ட் வரைக்கும் போனவர். அதனால் ஊரில் சட்டம் தெரிந்தவர் அவர்தான். நாலாவது இடம் சுழற்சி. ஊரில் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து விஷயத்தைக் கேட்டு, தலையாட்டிவிட்டு எழுந்து போவார்கள். அடுத்தவர் வந்து, "என்ன விஷயம்?" என்பார். காலையில் ஆரம்பித்த பேச்சு சாயங்காலம் வரை ஆரம்பத்திலேயே இருந்தது.

ஒருவழியாக வீரணன் சொன்னார்: "ஏட்டய்யா சொன்னதை யாராவது முழுசாக் கேட்டீங்களா? எல்லாரையும் ஒண்ணா அடைப்போம்னு சொன்னாரு. அப்ப நாலு பேருக்கு மேல சட்டப்படி ஒண்ணா இருக்கக்கூடிய இடம் லாக்கப்தான். கல்யாணத்தை அங்க வச்சிருவோம்."

சங்கையாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அப்ப எல்லாரும் ஒண்ணாக் கூடி நின்னாப் போதும், பிடிச்சுக்கிட்டுப் போயிருவாங்க."

"அது எப்படித் தலைவரே? கூடக் கூடாதுன்னுல்ல உத்தரவு" என்றார் வீரணன்.

"அதுவும் சரிதான்."

"கூட்டம் சேராம உள்ள போகணும். ஆளுக்கொரு குத்தமாத் தனித்தனியாச் செய்ய வேண்டியதுதான்."

மாப்பிள்ளையை மட்டும் இதில் இழுக்கக்கூடாது என்று இருளாண்டி கண்டிப்பாகச் சொன்னார். கேஸ் என்று ஒன்று விழுந்துவிட்டால் பாஸ்போர்ட்டில் கை வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த அளவுக்கு விவரம் அவர்களுக்கு உண்டு.

மறுநாள் காலையில் ஊரே குற்றம் செய்யக் கிளம்பியது.

அரசு ஊழியரைத் தடுப்பது இருளாண்டியின் பங்கு. வாய்க்கால் கரையில் கிராம நிர்வாக அலுவலர் மொபெட்டில் வந்தார். இருளாண்டி குறுக்கே போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணே?"

"உங்களைத் தடுக்கிறேங்க."

"எனக்கு அவசரமா ஆபீஸ் போகணுமே."

அவசரம் என்று கேட்டதும் இருளாண்டிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. விலகி வழிவிட்டார். கரை ஏற்றமாக இருந்ததால் மொபெட்டைப் பின்னாலிருந்து தள்ளியும் விட்டார். வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எங்கே கல்யாணம் என்று அவர் கேட்டதற்கு, இடம் கிடைத்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

பொதுச் சொத்துக்குச் சங்கையா பொறுப்பு. கல்லோடு பஸ்ஸை மறித்தார்.

"தம்பி, ஒரு கண்ணாடியை உடைக்கணும். அரசாங்கத்துக்கு ரொம்ப நட்டம் வராத மாதிரி ஏதாவது இருந்தாக் காட்டுப்பா."

"பின்னால கடைசி ஜன்னல், பெருசு. ஏற்கெனவே கீறல் விட்டிருக்கு" என்றார் கண்டக்டர்.

சங்கையா போய்ப் பார்த்தார். அங்கே கண்ணாடியே இல்லை, தகரம் அடித்திருந்தது. கல்லைக் கீழே போட்டுவிட்டு நின்றார். ரோட்டில் கல் கிடந்தால் பஸ்ஸுக்கு ஆகாதே என்று அதையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அரசாங்கத்தைத் திட்டுவது வீரணனின் வேலை. ஸ்டேஷன் வாசலில் போய் நின்று, போன வருஷம் மாட்டு டாக்டர் தாமதமாக வந்ததைப் பற்றிச் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். ஏட்டு ஏகாம்பரம் வெளியே வந்தார். கைது செய்யப்போகிறார் என்று வீரணன் இரண்டு கையையும் நீட்டினார். ஏகாம்பரமோ, "அதை ஏன் கேக்கிறீங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பயணப்படி வரவில்லை, லீவு கிடைக்கவில்லை, சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கே போக முடியவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, வீரணனின் மாட்டுக் குறை ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வீரணன் திரும்பி வந்தார்.

அன்றைக்கு ராத்திரி அப்பிராணிப்பட்டியில் குற்றவாளி என்று சொல்லிக்கொள்ள ஒருவர்கூட இல்லை. இருளாண்டி சாப்பிடவில்லை. மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

"செய்யலேன்னாலும் செய்யப் பார்த்தோம்ல? அதுவும் குத்தம்தான். நேராப் போய் ஒத்துக்குவோம்" என்றார் வீரணன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நாலு நாலு பேராகக் கிளம்பினார்கள். ஒரு நாலுக்கும் அடுத்த நாலுக்கும் நடுவே நல்ல இடைவெளி. பூமயில் பட்டுச் சேலையில், பூசாரி தாம்பாளத்தோடு, மேளக்காரர்கள் மேளத்தோடு, பின்னால் சாம்பார் வாளி. ரோட்டில் அவர்கள் சட்டத்தை மீறினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஸ்டேஷன் வாசலில் முதல் நாலு பேர் நின்றுவிட்டார்கள். பின்னால் வந்த நாலு பேரும் நின்றார்கள். ஏகாம்பரம் டீயைக் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஊரே எதிரில் நின்றது.

அன்றைக்கென்று பார்த்து மாவட்டத்துப் பெரிய அதிகாரி வருவதாகத் தகவல். எஸ்.ஐ. கோதண்டம் அவரை அழைத்துவர மேலக்குளம் விலக்குச் சாலைக்குப் போயிருந்தார். ஏகாம்பரத்துக்கு வியர்த்துவிட்டது.

"கூட்டம் போடாதீங்கய்யா. கைது பண்ணிருவேன்."

"அதுக்குத்தாங்க வந்திருக்கோம்" என்றார் சங்கையா.

வாசல் காலியானால் போதும் என்று ஏகாம்பரம் அவர்களை லாக்கப்புக்குள் விட்டார். வலதுகாலை எடுத்து வைத்து எல்லோரும் உள்ளே போனார்கள். கம்பிக் கதவை இழுத்துப் பூட்டை அமுக்கினார். அமுக்கினால் பூட்டிக்கொள்கிற பூட்டு. சாவி கோதண்டத்தின் பாக்கெட்டில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் காரில் மாப்பிள்ளை வந்து இறங்கினான். கூட அப்பா, அம்மா, தங்கை. ஊருக்குப் போய், கஞ்சி குடித்துக்கொண்டிருந்த கருத்தமுத்துக் கிழவரிடம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா லாக்கப்பைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "இந்த ஊர்ப் பொண்ணுதான் வேணுமாடா?" என்றார். அழகுராசா கம்பிக்கு உள்ளே நின்ற பூமயிலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதில் எதுவும் விழவில்லை.

"வெளிய நாலு பேர். சரியா இருக்கு" என்றார் வீரணன் உள்ளிருந்து.

"ஏட்டய்யா நிக்கிறாரே, அஞ்சுல்ல?" என்றார் இருளாண்டி.

"அவரு அரசாங்கம்ப்பா. ஆளு கணக்குல வரமாட்டாரு."

ஏகாம்பரம் ஆமாம் என்று தலையாட்டினார். லீவு கேட்டபோது மேலதிகாரிகளும் அவரை அப்படித்தான் நடத்தினார்கள்.

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. சாவி வரவில்லை. பூசாரி தாலியைக் கம்பி வழியாக வெளியே நீட்டினார். அழகுராசா மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு கையும் அந்தப் பக்கம் ஒரு கையுமாக உள்ளே நுழைத்தான். கெட்டிமேளம் முழங்கியது. அந்தச் சின்ன அறைக்குள் தவில் அடித்த அடியில் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. பூமயிலின் கழுத்துக்குப் பின்னால் இரண்டு முடிச்சு விழுந்தது, மூன்றாவதை நாத்தனார் கை நுழைத்துப் போட்டாள். அட்சதை கம்பிக்கு உள்ளேயும் வெளியேயும் பறந்தது. இருளாண்டி சத்தமாக அழுதார். ஏகாம்பரமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கும்பிட்டு விழுவதற்காகப் பூமயில் திரும்பினாள். திரும்ப முடியவில்லை. தாலிக்கயிறு அவள் கழுத்தையும் கதவுக் கம்பியையும் சேர்த்து வளைத்திருந்தது.

அந்த நேரத்தில்தான் எஸ்.ஐ. கோதண்டம் ஜீப்பில் பறந்து வந்தார். பெரிய அதிகாரி பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். கோதண்டம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"கல்யாணத்துக்குத் தடையே கிடையாதேய்யா. யாராவது ஒரு ஆள் வந்து என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

"ஒரு ஆளாத் தனியா வர்றதுக்குப் பயமா இருந்துச்சுங்க" என்றார் சங்கையா.

கோதண்டம் பூட்டைத் திறந்தார். கதவு திறந்தது. கதவோடு பூமயிலும் வந்தாள்.

"அதைக் கொஞ்சம் தலை வழியாக் கழட்டிட்டு..." என்று அவர் ஆரம்பித்ததும் பெண்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கட்டின கையோடு தாலியைக் கழற்றச் சொல்கிற மனுஷனை அவர்கள் பார்த்ததில்லை.

"அப்பக் கம்பியை அறுத்துத் தொலைங்கய்யா."

"அது பொதுச் சொத்துங்க" என்றார் சங்கையா வருத்தமாக. "நேத்து ஒரு கண்ணாடிக்கே முயற்சி பண்ணிப் பார்த்தேன். நமக்கு அது வரலீங்க."

தூரத்தில் பெரிய அதிகாரியின் கார் ஹாரன் கேட்டது. கோதண்டம் பொறுமை இழந்துவிட்டார்.

"கதவையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டுப் போங்கய்யா. எனக்கு இடம் காலியானாப் போதும்."

சொல்லிவிட்டு முகம் கழுவ உள்ளே போனார். அப்பிராணிப்பட்டிக்காரர்களிடம் இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போகக்கூடாது.

அவர் திரும்பி வந்து பார்த்தபோது கீலில் கதவு இல்லை. ரோட்டில் மேளம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நாலே பேர், நாலு பேருக்கு மேல் இல்லாமல், கம்பிக் கதவை நிமிர்த்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டை நோக்கி நடந்தார்கள். கதவுக்கு ஒரு பக்கம் பூமயில், மறு பக்கம் அழகுராசா. இருவரும் கம்பி வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். இவ்வளவு சந்தோஷமான ஜோடியை அந்த ரோடு பார்த்திருக்காது.

கோதண்டம் துண்டோடு ஓடிவந்து இருளாண்டியின் கையைப் பிடித்தார்.

"யோவ், அரசாங்கக் கதவுய்யா அது. எப்பய்யா திரும்பி வரும்?"

இருளாண்டி அவருக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"மறுவீட்டுக்குப் பொண்ணு வரும்போது கூடவே வந்துரும் சார். அப்ப அனுப்பலேன்னாலும், தலைப்பிரசவத்துக்குக் கண்டிப்பா அனுப்பித்தானே ஆகணும்."