கேட்காத இரண்டு அத்தியாயங்கள்

குற்றாலத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம். பெரிய சாமி காலமானபின் அதை நடத்தி வந்தவருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். சின்னச் சாமி என்பார்கள். அவரிடம் வந்து சேர்ந்த சுலோசனாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரைச் சாமி என்பாள்.

பாதி வாழ்க்கையை டென்மார்க்கில் கழித்தவள் சுலோசனா. கணவர் மாசிலாமணி காலமானபின் இரண்டு வருடம் அங்கேயே தனியாக இருந்து பார்த்தாள். முடியவில்லை. மகளை அங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பினாள்.

ஒருநாள் காலைத் தியானத்தில் பாதியில் எழுந்து போனவள் திரும்பி வரவில்லை. சாமி தேடிக்கொண்டு போனார். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன்.

"என்னம்மா?"

"என்னோடது எல்லாம் போயிருச்சு சாமி."

கடைசிக் காலத்தில் மாசிலாமணிக்குக் கண் தெரியாமல் போனது. புத்தகங்களை ஒருவர் வாசிக்கக் கேட்கும் வசதியை மகள் போனில் போட்டுக் கொடுத்தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கினார்கள். சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு அத்தியாயம். அவருக்குக் கொலைக் கதை என்றால் உயிர். நடுவில் நிறுத்தச் சொல்லி, இவன்தான் கொன்றான் என்று பந்தயம் கட்டுவார்.

இந்தியா வந்ததும், கணக்கை இந்த நாட்டுக்கு மாற்றச் சொல்லிப் போன் கேட்டது. மாற்றினாள். வாங்கிய புத்தகங்கள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டன. தொட்டால், உங்கள் நாட்டில் கிடைக்காது என்று ஒரு வரி வந்தது.

"கூப்பிட்டுக் கேட்டேன் சாமி. ஒரு பொண்ணு தங்கமாப் பேசினா. நீங்க புத்தகத்தை வாங்கலை மேடம், கேக்குற அனுமதியைத்தான் வாங்கினீங்க, அது அந்த நாட்டோட சரின்னுட்டா. விலை குடுத்து வாங்கினது எப்படி சாமி என்னோடது இல்லாமப் போகும்?"

சாமி குனிந்து போனைப் பார்த்தார்.

"கடைசியாக் கேட்டது என்ன கதை?"

"ஒரு தீவு. அங்க ரொட்டிக் கடைக்காரன் ஒருத்தனைக் கொன்னுடுறாங்க. ரெண்டு அத்தியாயம் பாக்கி இருக்கும்போது அவர்..."

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"சாயங்காலம் சமையல்கட்டுக்கு வாங்க. அந்தக் கதையை எங்களுக்குச் சொல்லுங்க."

"கொலைக் கதையையா? மடத்துலயா?"

"எங்களுக்கும் யாராவது கதை சொல்லி ரொம்ப நாளாச்சும்மா."

சமையல்காரர் பேச்சிமுத்து ஒரு தட்டு நிறைய அவரைக்காயை அவள் முன்னால் வைத்தார். நார் உரித்தபடியே ஆரம்பித்தாள். முதல் நாள் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. அந்த ஊர்ப் பெயர்கள் பேச்சிமுத்துவின் வாயில் நுழையவில்லை. ரொட்டிக்காரன், தபால்காரன், டாக்டர் பொண்டாட்டி என்று அவரே பெயர் வைத்துவிட்டார். அதன்பிறகு கதை ஓடியது.

போகப்போக அவள் சொன்னது கதையை மட்டுமல்ல.

"இந்த எடத்துல நிறுத்து நிறுத்துன்னார். வெளியில அப்படி மழை கொட்டுது, தபால்காரன் செருப்புல ஈரமே இல்லையே, அவன்தான்னு தொடையைத் தட்டினார். நான் டாக்டர் பொண்டாட்டின்னேன். உனக்குப் பொம்பளைங்க மேலதான் சந்தேகம் வரும்னு சண்டைக்கு வந்துட்டார். இருமல் வந்துதான் ஓய்ஞ்சார்."

பேச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயா சொல்றதுதான் சரி. தபால்காரன்தான்."

"நீங்களுமா?" என்று சுலோசனாவும் சிரித்தாள். மடத்துக்கு வந்தபின் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள்.

கதை படகுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. டாக்டர் பெண்டாட்டி தனியாகப் போகிறாள். பூட்டு ஏற்கெனவே உடைந்து கிடக்கிறது. கதவைத் தள்ளுகிறாள். உள்ளே பார்த்ததும் அலறுகிறாள்.

பேச்சிமுத்து அரிவாள்மணையை விட்டுக் கையை எடுத்தார். "உள்ள என்னம்மா இருந்துச்சு?"

"அதோட அந்த அத்தியாயம் முடிஞ்சுது." சுலோசனாவின் குரல் இறங்கியது. "அசதியா இருக்கு, மிச்சத்தை நாளைக்குக் கேப்போம்னார்."

உலையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பேச்சிமுத்து அதைப் பார்க்க எழுந்து போனார்.

சாமி அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மக அங்கதானே இருக்காங்க. கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

"அவளேதான் சொன்னா. நான் வாங்கிக் கேட்டுட்டு யாருன்னு சொல்றேம்மான்னா. சொல்லிடாதேடின்னு கத்திட்டேன். பாவம், அவளுக்கு ஒண்ணும் புரியலை."

"ரெண்டு வருஷம் அது உங்க கையிலயேதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"ஏன் கேக்கலை?"

அவள் உரித்த நாரையே விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்குன்னுதானே சொன்னார். போன்ல அது இருந்த வரைக்கும் அந்த நாளைக்கும் இருந்துச்சு சாமி. அவர் கேக்காததை நான் மட்டும் எப்படிக் கேக்கிறது? அவருக்குத் தெரியாம எனக்கு மட்டும் தெரிஞ்சதுன்னு எதுவும் இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

சாமி அவரைக்காய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மிக மெல்லக் கேட்டார்.

"நீங்க இந்த ஊருக்கு வந்தது அவருக்குத் தெரியுமாம்மா?"